மாடியறைச் சிறைவாசம்

நாம் சிறைக்குப் போனதில்லை. போகவேண்டிய காலத்தில் பிறக்கவில்லை என்பது ஒரு காரணம். பிறந்திருந்தால் போயிருப்போமா என்பது வேறு விஷயம். நமது தாயாரைப் பெற்ற பாட்டனார் 1942-ஆம் வருஷத்து ஆகஸ்டுப் போராட்டத்தில் வேலூர்ச் சிறைக்குப் போய் வந்தவர். அந்தப் பெருமையைப் பள்ளிக்கூடத்துச் சுதந்திர தின மேடைகளில் வருஷந்தோறும் செலவு செய்து வந்திருக்கிறோம். செலவு என்பதே சரியான வார்த்தை. நம் பங்குக்கு அதில் ஒரு காசும் சேர்த்ததில்லை.

அப்பேர்ப்பட்ட நமக்கும் 2020-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் 14 நாள் தனிச் சிறை வாய்த்தது. செய்த குற்றம், கொரோனா ஜுரம். சிறைச்சாலை, கும்பகோணத்தில் உள்ள நமது சொந்த வீட்டின் மாடியறை. நகராட்சிச் சிப்பந்திகள் வந்து வாசலில் தகரம் அடித்து, கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். தெரு ஜனங்கள் நம் வீட்டைக் கண்டதும் எதிர்ச்சரகுக்கு ஒதுங்கி நடந்தார்கள். ஜுரம் என்னவோ மூன்றாம் நாளே இறங்கிவிட்டது. மீதிப் பதினோரு நாளும் நமக்கு ஓர் உபாதையும் கிடையாது. தனிமை ஒன்றுதான்.

மாடிக்கு ஏறும்போது கையில் ஐந்து புத்தகங்களை எடுத்துக்கொண்டு போனோம். மகாத்மாவின் 'சத்திய சோதனை' அவற்றில் ஒன்று. கலாசாலை நாட்களில் படித்ததை மறுபடி நிதானமாகப் படிக்க இதைவிட நல்ல சமயம் ஏது என்று எண்ணினோம். சிறைவாசத்தை நம் தேசத்துப் பெரியோர் எப்படிக் கழித்தார்கள் என்பது நமக்குத் தெரியாததா? வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம்! வ. உ. சி. சிறையில் செக்கிழுத்த கையாலேயே ஜேம்ஸ் ஆலனைத் தமிழாக்கினார். ராஜாஜி 1921-ஆம் வருஷக் கடைசியில் வேலூர்ச் சிறைக்குப் போனார். அங்கே நாட்குறிப்பு எழுதினார். பண்டித நேரு 1944-ல் அகமதுநகர்க் கோட்டையில் அடைபட்டிருந்தபடியே இந்தியாவின் சரித்திரம் முழுவதையும் தோண்டித் துருவி ஒரு பெரிய நூலை எழுதினார். நாமும் பதினான்கு நாளில் ஒரு நாற்பது பக்கமாவது எழுதிவிடமாட்டோமா?

ஐந்து புத்தகங்களில் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. ஆறாம் நாள் இரவு ஏதோ நினைப்பில் கைப்பேசியின் கணக்குப் பக்கத்தைத் தட்டிப் பார்த்தோம். அன்று அதன் முகத்தில் விழித்திருந்த நேரம் 9 மணி 40 நிமிஷம் என்று அது சொல்லிற்று. தூக்கத்தையும் சாப்பாட்டையும் கழித்தால் அநேகமாய் ஒன்றும் மிச்சமில்லை.

இது மாடியறையில் திடீரென்று பிடித்த வியாதியல்ல. 2020 மார்ச்சு 25-ஆம் தேதி ஊரடங்கு தொடங்கியதிலிருந்தே ஊறிக்கொண்டிருந்தது. அதற்கு முன் கைப்பேசி நமக்குக் குடையைப் போல. வேண்டியபோது எடுப்போம், வேண்டாதபோது மூலையில் சாத்துவோம். முதலில் 21 நாள் என்றார்கள்; பிறகு அது நீண்டுகொண்டே போயிற்று. கடைத்தெரு, பள்ளிக்கூடம், கோயில், கச்சேரி, துக்க வீடு எல்லாம் அந்தக் கையகலக் கண்ணாடிக்குள் குடிபுகுந்தன. கோயமுத்தூரில் நமது மாமா காலமானார். போக வழியில்லை. தகனத்தை அந்தக் கண்ணாடியில்தான் பார்த்தோம். எங்கள் குடும்பம் முழுவதும் அதன் முன்னால் நின்று அழுதது. அந்தக் கருவியை நாம் இழித்துப் பேச மாட்டோம். அன்று அதுவும் இல்லாதிருந்தால் மாமாவின் முகத்தைக் கடைசியாய்ப் பார்த்திருக்க மாட்டோம்.

பாடமும் அதன் வழியாகவே நடந்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சை 2020 ஜூனில் ரத்தாகி, எல்லாரும் தேறியதாக அரசாங்கம் அறிவித்த பிறகு, அடுத்த வகுப்புப் பிள்ளைகளுக்குக் கைப்பேசியில் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தோம். ஒரு பையன் இருந்தான்; நல்ல சூட்டிகை. அவன் தகப்பனார் லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். வீட்டில் இருந்த ஒரே கைப்பேசி அவரோடு வேலைக்குப் போய், இரவு எட்டுக்கு மேல்தான் திரும்பும். பையன் ஒன்பதரைக்குக் கணக்கைப் போட்டுப் படமெடுத்து அனுப்புவான். நாம் திருத்தி அனுப்புவோம். 'இந்தப் பிள்ளைக்காகத்தான் இதைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது' என்று வீட்டிலும் சொன்னோம், நமக்கு நாமும் சொல்லிக்கொண்டோம். அவன் கணக்குக்கு ஐந்து நிமிஷம் பிடிக்கும். அதன் பிறகு இரவு ஒரு மணி வரை நாம் யாருக்காக விழித்திருந்தோம் என்பதை யாரும் கேட்கவில்லை. ஆகவே சொல்லவும் நேரவில்லை.

2020 மே 7-ஆம் தேதி நடந்ததை இங்கே சொல்லிவிட வேண்டும். ஊரடங்கில் மூடியிருந்த அரசாங்க மதுக்கடைகளைச் சென்னை நீங்கலாக மற்ற இடங்களில் அன்று திறந்தார்கள். வெயிலில், குடை பிடித்துக்கொண்டு, மைல் கணக்கில் ஜனங்கள் வரிசையில் நின்ற படங்கள் கைப்பேசியில் வந்த வண்ணமாயிருந்தன. 1937-ல் சேலம் ஜில்லாவில் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்த மண்ணில் இப்படியும் ஒரு காட்சியா என்று நாம் கொதித்தோம். ஒவ்வொரு படமாய்த் தள்ளித் தள்ளிப் பார்த்தோம், நண்பர்களுக்கும் அனுப்பினோம். நமது சகதர்மிணி இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாள். மூன்றாம் தடவை அருகே வந்து நின்று சொன்னாள்:

"அவர்கள் நாற்பத்து மூன்று நாள் இல்லாமல் இருந்துவிட்டு வந்து நிற்கிறார்கள். நீங்கள் நாற்பத்து மூன்று நிமிஷம் அதைக் கீழே வையுங்கள், பார்க்கலாம்."

மார்ச்சு 24-ஆம் தேதி மாலையிலிருந்து நாளை எண்ணிப் பார்த்தோம்; அவள் கணக்கு சரியாகவே இருந்தது. நாம் கணக்கு உபாத்தியாயர் என்பதை அப்போது யாரும் ஞாபகப்படுத்தாதது நல்லதாயிற்று.

ஏன் கீழே வைக்க முடியவில்லை என்பதைப் பிற்பாடு கொஞ்சம் படித்துப் பார்த்தோம். ஸ்கின்னர் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர், பெர்ஸ்டர் என்ற தம் சகாவுடன் சேர்ந்து, 1957-ல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். புறாக்களை வைத்து நடத்திய பரீட்சைகள் அதில் அடங்கியவை. கூண்டில் ஒரு வட்டத் தகடு. புறா அதைக் கொத்தினால் தீனி விழும். இத்தனை கொத்துக்கு ஒரு தீனி என்று திட்டமாய் வைத்தால், தீனி தின்ற புறா சற்று ஓய்ந்து நிற்கிறது. எந்தக் கொத்துக்குத் தீனி விழும் என்று தெரியாதபடி வைத்தாலோ, அது ஓய்கிறதே இல்லை, கொத்திக்கொண்டே இருக்கிறது. லாட்டரிச் சீட்டின் ரகசியமும் இதுதான். 2003-ல் நமது மாநிலத்தில் அந்தச் சீட்டைத் தடை செய்தபோது நாம் சந்தோஷப்பட்டோம். பதினேழு வருஷம் கழித்து மாடியறையில் உட்கார்ந்து விரலால் கண்ணாடியைக் கொத்திக்கொண்டிருந்தோம். பத்துத் தடவை தள்ளினால் ஒன்பது தடவை பதர். பத்தாவதில் ஒரு பழைய நண்பனின் முகமோ, ஒரு நல்ல பாட்டோ, ஒரு பயங்கரச் செய்தியோ விழும். பயங்கரமும் தீனிதான் என்பது நமக்குப் புதிதாய்த் தெரிந்தது. சுகாதாரத் துறை மாலைதோறும் வெளியிட்ட ஜில்லாவாரிக் கணக்குக்காக நாம் பசித்தவனைப் போல் காத்திருந்தோம். தஞ்சாவூர் ஜில்லாவில் இன்று எத்தனை, நேற்று எத்தனை! தெரிந்துகொண்டு என்ன செய்தோம்? மறுநாள் கணக்குக்குக் காத்திருந்தோம். நோயோடு கூடவே செய்தியும் ஒரு கொள்ளைநோயாய்ப் பரவுகிறது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. பலமுறை கைமாறிய செய்தியை ஒரு சமயத்தில் ஒருவருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கம்பெனியார் அவ்வருஷம் ஏப்ரலில் கட்டுப்பாடு போட்டார்கள். நாம் ஒருவர் ஒருவராய் அனுப்பினோம்.

இன்னொன்றும் உண்டு. வாரப் பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்று இருக்கிறது. அதை எட்டியதும் வாசகர் பெருமூச்சு விட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, காப்பி கேட்பார். கைப்பேசியில் கடைசிப் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். கீழே தள்ளத் தள்ளப் பக்கம் தானாகவே வளர்ந்துகொண்டு போகும் இந்தத் தந்திரத்தை 2006-ல் வகுத்தவர் ஏசா ராஸ்கின் என்பவர். பிற்காலத்தில் அதைப் பற்றிப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். சர்க்கரை முடியாத பாயசக் கிண்ணத்தை எந்தப் பிள்ளையும் தானாகக் கீழே வைப்பதில்லை. நாமோ நாற்பது வயதைத் தாண்டியும் பிள்ளையாகவே இருந்தோம்.

ஆனால் இவை எல்லாம் சாக்கு. மாடியறையில் நாம் செய்த தவறு புறாவின் தவறல்ல.

அந்தப் பதினான்கு நாளும் விளக்கு வைக்கும் நேரத்தில் நமது தாயார் மாடிப்படியின் கீழ்ப்படியில் வந்து உட்காருவார். நாம் மேலே, அறைக் கதவுக்கு உட்புறம். நடுவில் பதினாறு படிகள். அதற்கு மேல் ஏறக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாய்ச் சொல்லியிருந்தார். தாயாருக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. 1942-ல், பாட்டனார் வேலூரில் இருந்தபோது பிறந்தவர் அவர். தகப்பனாரைப் பெண் முதன்முதலாய்ப் பார்த்ததே அவர் விடுதலையாகி வந்த பிறகுதான். மகன் தனியாக அடைபட்டிருக்கிறான் என்ற நினைப்பு அவருக்குத் தம் தகப்பனாரைப் பற்றிய பேச்சை எல்லாம் கிளப்பிவிட்டது போலும். தினமும் அரைமணி, முக்கால் மணி நேரம் பேசினார். எழுபது வருஷத்துக்கு மேல் எங்கோ உள்ளே கிடந்த பேச்சு.

"உன் தாத்தாவை முதல் மாதம் தனிக் கொட்டடியில் போட்டார்களாம், தம்பி..." என்று முதல் நாள் ஆரம்பித்தது நமக்கு நன்றாய் ஞாபகமிருக்கிறது. ஏனென்றால் அன்று ஜுரம் இருந்தது. கைப்பேசியை எடுக்கத் தெம்பில்லை. மறுநாளிலிருந்து நாம் அதை மடியில் வைத்துக்கொண்டு கேட்டோம். 'கேட்டோம்' என்பது பொய். இடையிடையே "அப்படியா!" என்றோம், "அடடா!" என்றோம். வகுப்பில் முப்பது பிள்ளைகளுக்கு நடுவே யார் கேட்கிறான், யார் கேட்பது போல் நடிக்கிறான் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிற நாம், முகம் தெரியாத பதினாறு படியின் உயரத்தைப் பயன்படுத்திக்கொண்டு பெற்ற தாயாரிடம் நடித்தோம்.

ஒன்பதாம் நாள் நல்ல மழை. கம்பியில்லாத் தொடர்பு அறுந்துவிட்டது. கண்ணாடியில் ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டே நின்றது. சலிப்போடு தலையை நிமிர்த்தினோம். அப்போது கீழிருந்து குரல் தெளிவாய்க் கேட்டது:

"... அந்தப் புளியங்கொட்டையைக் கடைசிக் காலம் வரைக்கும் தலையணைக்குள்ளே வைத்துத் தைத்திருந்தார், தம்பி. அம்மாவுக்குக்கூட வெகுநாள் தெரியாது."

"அடடா!" என்றோம். சக்கரம் நின்று படம் வந்தது. தலை குனிந்துகொண்டது.

பதினைந்தாம் நாள் தகரத்தைப் பிரித்தார்கள். நாம் இறங்கி வந்தோம். தெருவில் நாலு பேர் க்ஷேமம் விசாரித்தார்கள். உடம்பு விடுதலையாயிற்று, விரல் விடுதலையாகவில்லை. குளிக்கும்போது அடுத்த அறையில் மணி அடிப்பது போல் கேட்கும். ஓடிவந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. சட்டைப் பையில் கைப்பேசி இல்லாத வேளையிலும் பை அதிர்வது போல் தோன்றும். இதைப் பார்த்துவிட்டு, ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நமது குமாரி ஒரு யோசனை சொன்னாள். "காந்தி தாத்தா திங்கட்கிழமைதோறும் மௌனம் இருந்தாராமே, அப்பா. நாம் திங்கட்கிழமை சாயங்காலம் மட்டும் போனுக்கு மௌனம் கொடுக்கலாமே!"

பித்தளைத் தூக்கு ஒன்றில் வீட்டிலிருந்த மூன்று கைப்பேசிகளையும் போட்டு, மூடி, பூஜையறை அலமாரியில் வைத்தோம். ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை. முதல் திங்களன்று ஏழே முக்காலுக்குள் கை நாலு தடவை சட்டைப் பைக்குப் போய் வந்தது. எட்டரைக்கு வீட்டில் எல்லாருக்கும் தூக்கம் வந்துவிட்டது, பேச விஷயமில்லை. இரண்டாம் திங்கள் கொஞ்சம் பேசினோம். மூன்றாம் திங்கள் தாயமாடினோம், தாயாரே ஜெயித்தார். நாலாம் திங்களன்று நாம் மௌனமாயிருந்த வேளையில் பள்ளிக்கூடத்திலிருந்து அவசர உத்தரவு ஒன்று குழுவில் வந்து, உடனே பதில் கேட்டிருக்கிறது. மறுநாள் மேலதிகாரி, "நாற்பது உபாத்தியாயர்களில் உமக்கு மட்டும் விரதமோ?" என்று கேட்டார். இதற்கு என்ன பதில் சொல்வது? தபாலும் சேவகனும் கொண்டுவந்த உத்தரவை எல்லாம் அந்தக் கண்ணாடிக்குள் போட்டுவிட்டு, அதைத் தொடாதே என்று உபதேசம் செய்வது எப்படி நியாயம்? தூக்கில் இரண்டு கைப்பேசியும் வெளியில் ஒன்றுமாக விரதம் சில வாரம் நொண்டி நடந்தது. பிறகு நின்றுவிட்டது.

2021 ஜனவரி 19-ஆம் தேதி பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பள்ளிக்கூடம் திறந்தது. சுண்ணக்கட்டியைக் கையில் பிடித்ததும் நமக்குப் புத்தி கொஞ்சம் தெளிந்தாற்போலிருந்தது. அந்த வாரத்தில்தான் ஒரு நாள் தாயாரிடம் கேட்டோம்: "அம்மா, அன்றைக்கு ஏதோ தாத்தாவும் புளியங்கொட்டையும் என்று சொன்னாயே?"

தாயார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "அதைத்தான் ஒன்று விடாமல் சொன்னேனே, தம்பி! நீகூட 'அடடா, அடடா' என்று எவ்வளவு உருகிக் கேட்டாய்! உன்னைப்போல் யாரும் கேட்டதில்லை என்று உன் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னேன்" என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

நாம் என்ன செய்திருக்க வேண்டும்? 'நான் கேட்கவில்லை, அம்மா. இன்னொரு தடவை சொல்லு' என்று ஒரு வாக்கியம். அது வாயில் வரவில்லை. "ஆமாம், ஆமாம், ஞாபகம் வந்துவிட்டது" என்றோம். அதற்குப் பிறகு எப்படிக் கேட்பது? ஞாபகம் இருக்கிறது என்று சொன்ன கதையை எந்த முகத்தோடு மறுபடி கேட்பது? வேறு ஏதாவது சாக்கில் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டோம். கைப்பேசி எப்போதும் போல் கையிலிருந்தது. நாட்கள் தள்ளத் தள்ள வளர்ந்துகொண்டே போயின.

2022-ல் தாயாருக்குப் பக்கவாதம் கண்டது. வலது பக்கமும் பேச்சும் போயிற்று. அறிவு போகவில்லை. நாம் சொல்வது ஒவ்வொன்றும் அவருக்குப் புரிகிறது. ஆம் என்றால் தலை அசைப்பார். இல்லை என்றால் இடது கையை லேசாய் உயர்த்துவார். அவரைப் படியேற்ற முடியாதாகையால் கட்டிலைக் கூடத்தில், மாடிப்படிக்குப் பக்கத்திலேயே போட்டிருக்கிறோம். இப்போது கீழ்ப்படியில் உட்காருகிறவர்கள் நாம்.

சென்ற வருஷம்தான் உண்மையைச் சொன்னோம். "அன்றைக்கு நான் கேட்கவில்லை, அம்மா. போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்." தாயார் நம்மையே பார்த்தார். கோபமாக இல்லை. இடது கையால் நமது தலையைத் தொட முயன்றார்; எட்டவில்லை. நாம் குனிந்தோம்.

அன்று முதல், விளக்கு வைத்த பிறகு கைப்பேசியை மாடியறையில் வைத்துப் பூட்டிவிட்டு இறங்கி வந்து, கேள்வி கேட்கிறோம். கணக்கில் தெரியாத எண்ணை ஒவ்வொன்றாய்க் கழித்துத் தேடுவது போல. சிறையில் நாளை எண்ணுவதற்கு வைத்திருந்த கொட்டையா? இடது கை உயர்ந்தது. பல்லாங்குழிக்கா? கை உயர்ந்தது. ஒரே ஒரு கொட்டையா? தலை அசைந்தது. யாரேனும் கொடுத்ததா? தலை வெகு வேகமாய் அசைந்தது. கூட இருந்த கைதியா? ஆம். தமிழரா? இல்லை. அவர் விடுதலையானாரா? இதற்குத் தாயார் தலையையும் அசைக்கவில்லை, கையையும் உயர்த்தவில்லை. அந்தக் கேள்வியை நாம் அப்புறம் கேட்கவில்லை.

நேற்று, "தாத்தா அதை ஏன் ஊன்றி வைக்கவில்லை, அம்மா?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டோம். ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வியா அது? தாயார் சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு இடது கையைக் கொல்லைப் பக்கம் நீட்டிக் காட்டினார். எங்கள் கொல்லையில் புளியமரம் கிடையாது. கொடியில் நாலு தலையணை உறைகள் உலர்ந்துகொண்டிருந்தன.

"உறையைச் சொல்கிறாயா, அம்மா?"

கை உயர்ந்தது.

"மரத்தையா?"

தாயார் யோசித்தார். நமது குமாரி நோட்டுப் புத்தகத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சரி, முதலிலிருந்து கேட்கிறேன்" என்றோம்.